கைதட்டி அனுப்பினாள்

1984இல் திண்டிவனத்தில் என் கணவர் அப்பாதுரையின் பாடையைத் தூக்கியதும், கூட்டத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி கை தட்டினாள்.

“சாவு வூட்ல இன்னாம்மா இது!” என்று பாய்ந்தான் என் தம்பி கொளஞ்சி.

இரும்பை கிராமத்திலிருந்து அவளை அழைத்து வந்த டிரைவர் தடுத்தார். “கோவிச்சுக்காதீங்க. ஆஸ்திரியாவுல பொறந்து, அமெரிக்காவுல நாடகம் ஆடிக்கினு இருந்தவங்க. அவங்க வியன்னாவுல பெரிய நடிகர் செத்தா, கை தட்டித்தான் அனுப்புவாங்களாம்.”

என் மகளைப் பெண் கேட்டிருந்த திருவாமாத்தூர்க்காரர் திரும்பினார். “நடிகரா? கூத்தாடி வூட்ல பொண்ணு எடுக்கறதில்லன்னு அன்னிக்கே சொன்னேனே!”

“மாமா மல்லாட்டை வியாபாரிங்க, சம்பந்தி. இந்தம்மா ஆள் மாறி வந்துட்டாங்க,” என்றான் கொளஞ்சி.

அவர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன்.

கூத்துக் களத்தில் கிரீடத்தோடு விழுந்தவரின் முகத்து அரிதாரத்தை, விடிவதற்குள் தேங்காய் எண்ணெய் தொட்டு நான்தான் துடைத்திருந்தேன்.