செவலை கற்ற டாய் சி

காற்றடித்த நாளில் முருங்கைக் கிளையிலிருந்து விழுந்ததிலிருந்து செவலைக்கோழியின் இடதுகால் பாரம் தாங்கவில்லை. பொழுது சாய்ந்தால் மற்றவர்கள் கிளைக்கு ஏறுவார்கள்; அவள் மட்டும் கூடைக்கடியில் படுப்பாள். இனி மேலே போகவே முடியாதோ என்ற பயத்தில்தான், செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்து, கொக்கு வாத்தியாரின் டாய் சி என்னும் சீன உடற்பயிற்சி வீடியோவைப் பார்த்துப் பழக ஆரம்பித்தாள்.

"இடதுகாலில் நில்லுங்கள். மூச்சை மெல்ல விடுங்கள்," என்றார் வாத்தியார். வலதுகாலைத் தூக்கியவர் அப்புறம் அசையவே இல்லை. அவர் நெஞ்சுக்கு நேரே ஒரு சின்ன வட்டம் சுழன்றது.

அது மூச்சுக்கான கணக்கு என்று நினைத்தாள் செவலை. வட்டத்தோடு மூச்சை இழுத்து, வட்டத்தோடு விட்டாள். உடம்பு தள்ளாடியது. வாத்தியாரே இறக்காத காலை நாம் இறக்கலாமா என்று அலகைக் கடித்துக்கொண்டு நின்றாள். மெல்ல மெல்ல நடுக்கம் அடங்கியது.

ஜன்னலில் எட்டிப்பார்த்த அணில் விழுந்து விழுந்து சிரித்தான்.

"யக்கா, யாரைப் பார்த்து இந்தத் தவம்? நெட் போய் அரைமணி நேரமாச்சு! உன் வாத்தியார் அப்பவே உறைஞ்சுபோயிட்டார்!"

செவலை திரையைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் இடதுகாலைப் பார்த்தாள்.

"அப்போ இவ்வளவு நேரம் நின்னது நான் மட்டும்தானாடா?" என்றாள், தூக்கிய காலை இறக்காமலே.