கடைசி ஆறு விநாடி

ஏலம் முடிய நாலு நிமிஷம் இருந்தபோது அவள் பிளாஸ்டர் பொடியில் தண்ணீரை ஊற்றிவிட்டாள்.

ஊற்றிய பிறகுதான் திக்கென்றது. ஒருமுறை கலந்துவிட்டால் பிளாஸ்டர் யாருக்காகவும் காத்திருக்காது. ஐந்தாறு நிமிஷத்தில் இறுகிவிடும்.

பல் ஆஸ்பத்திரியின் பின்னறை அது. அலமாரி முழுக்க யார் யாருடைய பற்களோ வெள்ளை வெள்ளையாக அடுக்கியிருந்தன. நோயாளியின் வாயில் எடுத்து வரும் அச்சில் பிளாஸ்டரை ஊற்றிப் பல்வரிசை வார்ப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறாள். கை தானாகக் கலக்கியது. கண் மட்டும் போனில் இருந்தது.

போனை யாரோ ஒருவரின் கீழ்த்தாடைமேல் சாய்த்து வைத்திருந்தாள்.

திரையில் நீல நிறத்தில் ஒரு பந்தய சைக்கிள். அதற்குக் கீழே, இதுவரை அதிகம் கேட்டிருப்பவரின் பெயர்: காற்றாடி.

காற்றாடி யாரென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு நாளாக அந்தப் பெயர் போய்விட்டதா என்று திறந்து திறந்து பார்த்தாள். வேறு இரண்டு பேர் விலையை ஏற்றிப் பார்த்துவிட்டுக் கழன்றுகொண்டார்கள். இந்த ஆள் மட்டும் விடுவதாக இல்லை. வீட்டில் நாலு சைக்கிளை வைத்துக்கொண்டு ஐந்தாவதற்கு அலைகிற பெரிய இடத்துப் பிள்ளை என்று அவளாகவே முடிவுகட்டியிருந்தாள்.

அவள் இதுவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அதுதான் உத்தி. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்துத் தெரிந்துகொண்டது. முன்னாடியே கேட்டால் எதிராளி உஷாராகிவிடுவார். கடைசி ஆறு விநாடிவரை இருக்கிற இடமே தெரியக் கூடாது. பிறகு ஒரே அடி. அதுவும் முழு எண்ணாக இருக்கக் கூடாது, கொசுறாகப் பதின்மூன்றோ பதினேழோ ஒட்டியிருக்க வேண்டும். எதிராளி கண்ணைச் சிமிட்டித் திறப்பதற்குள் கடையைச் சாத்தியிருப்பார்கள்.

ஒத்திகை பார்க்க நேற்று இதே மாதிரி ஒரு குடையை ஏலத்தில் எடுத்தாள். வீட்டில் ஏற்கெனவே மூன்று குடை இருக்கிறது.

தொகையைத் தட்டித் தயாராக வைத்திருந்தாள். கார்டு தாங்குவது அவ்வளவுதான், அந்தப் பதின்மூன்று உட்பட. காற்றாடி மனசுக்குள் அதற்கு மேல் ஒரு எண்ணை வைத்திருந்தால் முடிந்தது கதை.

இரண்டு நிமிஷம்.

"மேல்தாடை ரெடியாம்மா?" முன்னறையிலிருந்து டாக்டரின் குரல்.

"இதோ, ஆச்சு டாக்டர்!"

ஆகவில்லை. கிண்ணத்தில் பிளாஸ்டர் கெட்டிப்பட ஆரம்பித்திருந்தது. இப்போதே ஊற்றினால் உண்டு. அச்சைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினாள். கண் ஒருமுறை போனுக்குப் போய்வந்தது. கடைவாய்ப் பல்லின் குழியில் ஒரு காற்றுக்குமிழி சிக்கிக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்துக்குப் பிறகு அவள் கையில் குமிழி விழுந்ததே இல்லை.

நாற்பது விநாடி. வைஃபைக்கு இரண்டு கோடுதான் காட்டியது.

பதினைந்து.

பத்து.

ஆறு.

விரலால் அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை.

கையுறை முழுக்க ஈரப் பிளாஸ்டர். திரை அவள் விரலை விரலாகவே மதிக்கவில்லை.

ஐந்து.

ஏப்ரனில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். கண்ணாடியில் வெள்ளையாக ஒரு தீற்றல் விழுந்தது, அவ்வளவுதான்.

நாலு.

முகக்கவசத்தைக் கழுத்துக்கு இழுத்துவிட்டு, குனிந்து, மூக்கு நுனியால் அழுத்தினாள்.

சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மூச்சை விட்டால் அது நின்றுவிடுமோ என்று பயந்தவள்போல அப்படியே குனிந்திருந்தாள்.

வட்டம் மறைந்தது. ஏலம் முடிந்தது என்று வந்தது.

காற்றாடி இருந்த இடத்தில் அவள் கணவனின் பெயர் இருந்தது. காலையில் அவனிடம் வாங்கி வந்த போன் அது. கணக்கும் கார்டும்கூட அவனுடையவைதான்.

ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். மிச்சப் பிளாஸ்டர் கல்லாகியிருந்தது. கலக்கிய கரண்டி கிண்ணத்தில் நட்டுவைத்த மாதிரி நின்றது.

அப்போது பைக்குள் அவளுடைய சொந்தப் போன் அதிர்ந்தது.

'உங்கள் சைக்கிள் விற்பனையாகிவிட்டது. மூன்று நாளுக்குள் வாங்கியவரின் முகவரிக்கு அனுப்பி வைக்கவும்.'

கீழே அவள் வீட்டு முகவரியே இருந்தது.

தங்கையின் சைக்கிள் அது. லாரி இடித்து இரண்டு மாதமாகப் படுத்திருக்கிறாள். போன வாரம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "அதை வித்துத் தொலைக்கா" என்றாள். அன்றைக்கே படம் பிடித்து ஏலத்தில் போட்டவள் இவள்தான். ஒருவர் கேட்டுவிட்டால் பிறகு பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்பது விதி. விற்பவரே வாங்கக் கூடாது என்பதும் விதிதான்.

போன் மறுபடி அதிர்ந்தது. விற்றவருக்கு ஒரு செய்தி. அனுப்பியது காற்றாடி.

'கடைசி நொடியில் கைநழுவிப் போச்சு. பரவாயில்லை. ஒன்று மட்டும் கேட்கலாமா? படத்தில் கைப்பிடியும் பெடலும் இடது பக்கம் மட்டும் உரசித் தேய்ந்திருந்தன. நானும் அப்படி விழுந்து, ஒரு வருஷம் கழித்து எழுந்தவள்தான். ஓட்டினவங்க நல்லா இருக்காங்களா?'

அதை மூன்று முறை படித்தாள். டாக்டர் மறுபடி கூப்பிட்டது காதில் விழுந்தது. எழுந்திருக்கவில்லை.

கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் தட்டினாள்.

'முந்தாநாள் முதல்தடவையா எழுந்து நின்னா. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம்தான் நின்னிருப்பா. நின்னபடியே என்கிட்டே கேட்டா, சைக்கிளுக்குக் காத்து அடிச்சு வெச்சிருக்கியான்னு.'