மிதிச்சேன், நிக்கலை

"ஏம்மா, கண்ணு முன்னாடி இவ்வளவு பெரிய கேட் நிக்குது. அதுகூடவா தெரியலை?"

எதிர்வீட்டு வக்கீல் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அவருடைய இரும்பு கேட் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது நர்ஸம்மாவின் கார்.

"பிரேக்கை மிதிச்சேன் சார். நிக்கலை."

"மிதிச்சா நிக்காம, பறக்குமா?"

"நெஜமாவே மிதிச்சேன் சார்!"

யார் நம்புவார்கள்? இது இரண்டாவது தடவை. போன மாதமும் இதே காலை நேரத்தில் தெருமுனைக் கம்பம், இன்றைக்கு கேட். கேட்டுக்கு அந்தப் பக்கம் வக்கீலின் பேத்தி உட்கார்ந்து பள்ளிக்கூட ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். மயிரிழையில் தப்பினாள்.

அதற்குள் நர்ஸின் கணவர் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு ஓடிவந்தார்.

"பெரிய மனசு பண்ணி மன்னிச்சிடுங்க சார். தூக்கக் கலக்கத்துல பெடலை மாத்தி மிதிச்சிருப்பா."

"நான் ஒண்ணும் மாத்தி மிதிக்கலைங்க! வண்டியை ஒரு தடவை செக் பண்ணித்தான் பாருங்களேன்."

"என் வண்டி பிரேக்கையா சந்தேகப்படறே?"

கூட்டம் சிரித்தது. அவருடைய பிரேக் பைத்தியம் தெருவுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், அந்தக் குடும்பக் காரை ரேஸ் டிராக்குக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். போட்டிக்கெல்லாம் இல்லை, சும்மா ஆசைக்குத்தான். அந்த ஆசைக்காக டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கிற பேட், பிரேக் ஆயில் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து மாற்றி வைத்திருந்தார்.

"சரி, செக் பண்ணிட்டாப் போச்சு" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, வக்கீலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தெருவில் சீறிப் பாய்ந்து ஒரு மிதி மிதித்தார். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. வக்கீலின் கண்ணாடி மடியில் வந்து விழுந்தது.

"இதுக்குமேல என்னம்மா பிரேக் வேணும் உனக்கு?" என்றார் வக்கீல்.

அவளுக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு எரிந்தது. இதே வண்டி, மத்தியானம் ஷிப்ட் முடிந்து, ஊர் நெரிசலில் மிதித்து மிதித்து வீடு திரும்பும்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது. காலையில் மட்டும் எப்படி மக்கர் பண்ணும்? கணவரிடமே கேட்டாள்.

"அதான் தூக்கக் கலக்கம்கறேன்."

நோஞ்சான் குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் நரம்பைப் பிடித்து ஊசி போடுகிறவள் அவள். கை நடுங்காது, கால் மட்டும் தடுமாறுமா? என்ன நியாயம் இது? ஆத்திரத்தில் தங்கைக்குப் போன் போட்டாள்.

"கொஞ்ச நாளைக்கு ஓட்டாம இருந்துதான் பாரேன்க்கா" என்றாள் அவளும்.

கூடப் பிறந்தவளே அப்படிச் சொன்ன பிறகு அவளுக்கே தன் காலின் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

காலை ஷிப்ட்டுக்குப் போக அந்த நேரத்தில் பஸ் கிடையாது. நம்பி ஏற ஆட்டோவும் கிடைக்காது.

"வேலையை விட்டுடு" என்றார் கணவர் ஆதரவாக. "அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா? உயிரைவிடவா உத்தியோகம் பெருசு?"

குழந்தை என்றதும் அவளால் மறுக்க முடியவில்லை. அடித்துப் பிடித்துப் படித்து வாங்கிய வேலை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவதாகத் தலையாட்டினாள். அன்றைக்கெல்லாம் சமையலறையில் பாத்திரங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை, "வீட்டுல முடங்கிக் கிடக்காதே, வா" என்று அவளையும் டிராக்குக்குக் கூட்டிப் போனார்.

அங்கே புதிதாக வந்திருந்த பல் டாக்டர் ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"சார், என் வண்டி நாலு ரவுண்டுகூடத் தாங்கலை. பெடல் பஞ்சு மாதிரி அமுங்குது. ஒரே தீஞ்ச வாடை."

"கடை கண்ணிக்குப் போய்வரப் போட்ட பிரேக் அது, டாக்டர். இங்கே அடிக்கிற அடியில ஆயிலே கொதிச்சுடும். ஆயிலை மாத்துங்க. என்னை மாதிரி ரேஸ் பேட் போடுங்க. எவ்வளவு சூடானாலும் அசையாது."

"தினமும் கிளினிக் போறதும் இதே வண்டிதான். தெருவுல ஒண்ணும் தொந்தரவு வராதே?"

குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவள் வண்டியின் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான். சூடு ஏறுற வரைக்கும் சரியாப் பிடிக்காது. ராத்திரியெல்லாம் நின்ன வண்டியை எடுத்து, முதல் திருப்பத்துல மிதிச்சா அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். மாட்டின வாரமே நான் பால் வண்டியில முட்டப் பார்த்தேன். இப்போல்லாம் கொஞ்ச தூரம் பிரேக்கை அமுக்கி அமுக்கி சூடு பண்ணிட்டுத்தான் வேகமே எடுப்பேன்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

டாக்டர் பதறினார். "ஐயையோ! உங்க வீட்டம்மாவும் இதைத்தான் ஓட்டுவாங்கன்னீங்களே. அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கீங்கல்ல?"

அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பின்னால் மட்டும் பார்க்கவில்லை.

"நீங்க வேற டாக்டர்! சொன்னா, மொதல்ல பழைய பிரேக்கை மாட்டுங்கன்னு நிப்பா. அப்புறம் ஞாயித்துக்கிழமை நான் எதை ஓட்டுறதாம்?"