கையை எடுடா, ஒர்மோன்!

"கடைசி மெருகை மட்டும் என்கிட்ட விடு, மெலிஸ். ஒரே நாள்ல முடிச்சுத் தர்றேன்."

"போடா! பாட்டு என்னோடது, பொண்ணு என்னோடது. மெருகு மட்டும் உன்னோடதா?"

மகள் பெர்மெட்டைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் விருந்துக்காக மெலிஸ் ஒரு பாட்டு கட்டியிருந்தான். நேரில் பாடினால் அழுதுவிடுவோம் என்று வீட்டிலேயே பதிவு செய்தான். காதில் குட்டி இயர்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தை ஏற்றி இறக்கி, மாஸ்டரிங் என்கிற கடைசி மெருகு வரைக்கும் தானே முடித்துவிட்டான்.

ஒர்மோனுக்கு அதுதான் தொழிலே. நாரின் நகரத்தில் மருந்துக்கடைக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். இரண்டு பேரும் குர்தாஷ், ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். எங்கள் பக்கம் குர்தாஷை என்ன வேண்டுமானாலும் கிண்டல் பண்ணலாம். கோவித்துக்கொண்டவன் தோற்றான்.

"இயர்போன்ல கேட்டா கொசு பாடினாக்கூட நல்லாத்தான் இருக்கும். மண்டபத்து ஸ்பீக்கர் ஆளுயரம்டா!"

"உனக்குப் பொறாமை!"

மெலிஸின் மனைவி சைராவும் சொன்னாள். "ஆளாளுக்குத் தானே முடிச்சுக்கிட்டா அந்த அண்ணனுக்கு யார் வேலை குடுப்பா? அதான் வயிறு எரியுது."

விருந்தன்று ஸ்பீக்கர் மேசையிலும் ஒர்மோன்தான். மெலிஸ் பென்டிரைவை நீட்டினான்.

"சும்மா போட்டு விடு. எதையும் தொடாதே."

பாட்டு ஆரம்பித்தது. பெர்மெட் சிரித்துக்கொண்டே அழுதாள். சம்பந்தியம்மா தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்தாள். மெலிஸுக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பிப் பார்த்தால், ஒர்மோனின் பத்து விரலும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் மேல் ஓடிக்கொண்டிருந்தன!

மெலிஸ் மைக்கைப் பிடுங்கினான். "பாருங்கய்யா என் குர்தாஷை! என் பாட்டு நல்லா வந்துடுச்சேன்னு கெடுக்கப் பாக்கறான். கையை எடுடா, ஒர்மோன்!"

மண்டபமே சிரித்தது. ஒர்மோன் போலீஸ்காரனைக் கண்டவன் மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

தும்... தும்... தும்...

தேநீர்க் கிண்ணங்கள் நடுங்கின. குரலையே காணோம். 'பெர்மெட்' என்ற பேர் வரும் இடத்தில் மாடு முக்கியது போல ஒரு சத்தம். சம்பந்தியம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

மெலிஸின் முகம் வெளுத்தது. ஒர்மோனைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான்.

ஒர்மோனின் விரல்கள் இறங்கின. குரல் திரும்பி வந்தது. 'பெர்மெட்' என்று தெளிவாகக் கேட்டது.

"என்னப்பா ஒர்மோன், ரிப்பேரா?" என்றார் சம்பந்தி.

"ஆமா அண்ணே, என் வயர் லூஸ். பாட்டுல ஒரு குறையும் இல்ல."

சற்று நேரத்தில் இறைச்சி வந்தது. ஊர்ப் பெரியவர்களுக்கு மட்டும் வைக்கிற இடுப்பெலும்பை மெலிஸ் தட்டோடு தூக்கிக்கொண்டு போய் ஸ்பீக்கர் மேசையில் வைத்தான்.

"என்னடா இது? நான் கிழவனாயிட்டேனா?" என்றான் ஒர்மோன்.

மெலிஸ் சம்பந்தி பக்கம் திரும்பினான். மைக்கை எடுத்தான்.

"வயர் நல்லாத்தான் இருக்கு, சம்பந்தி. நடுவுல தும் தும்னு கேட்டுச்சே, அது நான் முடிச்ச பாட்டு. நீங்கல்லாம் அழுதீங்களே, அது இவன் முடிச்சது."