லைன் வழியே வந்த பதில்

செல்போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவதால், ஒரகடம் ஃபேக்டரிக்குள் எந்தச் சேதியும் அசெம்ப்ளி லைன் நெடுக வாய்க்கு வாய்தான் வருகிறது. "உன் வூட்லேர்ந்து போன் வந்துச்சாம்," என்கிறாள் பக்கத்து ஸ்டூல் சௌந்தர்யா. "என்ன விசயமாம்? கேளுட்டி," என்கிறாள் தென்காசிக்காரி சுகப்பிரியா. கேள்வி ஒவ்வொரு காதாகத் தாண்டி, போன் சேதியோடு கதவருகே நிற்கும் சூப்பர்வைசர் வரை போகிறது. பெல்ட் நிற்பதில்லை, ஸ்க்ரூ முடுக்கும் கையும் நிற்கக் கூடாது. வெள்ளை வெளிச்சத்தில் நீலத் தொப்பிகள் ஒவ்வொன்றாகத் திரும்புகையில், பதில் தன்னை நோக்கி வருவதைச் சுகப்பிரியா பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கடைசியாகச் சௌந்தர்யா காதைக் கொடுக்கிறாள். மாஸ்குக்கு மேலே அவள் கண்கள் ஒருமுறை சுகப்பிரியாவைத் தொட்டுவிட்டு ஸ்க்ரூத் தட்டுக்குள் இறங்கிவிடுகின்றன. "என்னட்டி சொன்னாவ?" "சரியா கேக்கலடி. ஒரே சத்தமா கீது." சொல்லிவிட்டு, சுகப்பிரியா முடுக்க வேண்டிய போர்டுகளையும் தன் பக்கம் இழுத்து முடுக்கத் தொடங்குகிறாள்.