டிரம்முக்கும் குளிரும்

கட்டுப் பிரித்து எடுத்த புத்தம்புதுக் கம்பளி. அதை மேனேஜர் ரவிச்சந்திரன் ஒரு டிரம்முக்குப் போர்த்திக்கொண்டிருந்தார்.

பார்த்துக்கொண்டிருந்த ஆண்டாயிக்கு வயிறு எரிந்தது.

ஜனவரி மாதத்து இத்தலார் மலைக் குளிர். விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. அவள் புருஷன் செல்லையா நெஞ்சுச் சளியோடு, நைந்துபோன கம்பளிக்குள் நடுங்கியபடி எஸ்டேட் லயத்து வீட்டில் படுத்திருக்கிறான். இங்கே டிரம்முக்கு ராஜ உபசாரம்!

எஸ்டேட் ஓடிய காலத்தில் வருஷம் தவறாமல் ஆளுக்கொரு கம்பளி கொடுப்பார்கள். தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டை மூடியதும் அதுவும் நின்றது. பூட்டிக்கிடந்த ஃபேக்டரியை ஒரு கோயமுத்தூர் முதலாளி பிடித்து, பெயின்ட் கம்பெனிகளுக்குப் பிசின் காய்ச்சிக் கொடுக்கிறார். அக்ரிலிக்கையும் யூரித்தேனையும் தண்ணீரிலேயே ஒன்றுசேர்த்துச் செய்கிற சரக்கு. பார்க்கப் பால் மாதிரி இருப்பதால் ஆட்கள் அதைப் பால் என்றுதான் சொல்வார்கள். அதைத் துணியில் வடிகட்டுவது ஆண்டாயியின் வேலை.

"கொழுந்து பறிச்ச கைக்கு இது வராதுங்களா?" என்று லயத்துக்கே வந்து வேலைக்குக் கூப்பிட்டவர் இதே ரவிச்சந்திரன்தான். அன்றைக்கு அவரைக் கும்பிட்ட கை, இன்றைக்கு மண்ணை வாரித் தூற்றத் துடித்தது.

ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு போய் நின்றாள்.

"சார், எங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப முடியல. ஒரேயொரு கம்பளி குடுங்க. சொகமானதும் கொண்டாந்துடறேன்."

"முடியாதுங்க ஆண்டாயிம்மா. மத்தியானம் முதலாளி வர்றாரு. ஒண்ணுகூடக் குறையக்கூடாது."

"மனுசன விட டிரம் பெருசா சார்?"

"பனியில பால் திரிஞ்சுபோச்சுன்னா யாருங்க பதில் சொல்றது? போய் வேலையப் பாருங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாமளும் டிரம்மாப் பொறந்திருக்கலாம் அக்கா" என்றான், பக்கத்தில் டிரம் உருட்டிக்கொண்டிருந்த வீரையா.

மத்தியானம் கார் வந்தது. ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் மஃப்ளர் என்று இறங்கினார் முதலாளி. ஒரு டிரம்மில் கம்பளி சரிந்திருந்ததைப் பார்த்ததும் பதறிப்போய்த் தன் கையாலேயே இழுத்து மூடினார்.

"ஏப்பா ரவி, குளிர் இதுங்களுக்கு ஆகவே ஆகாது. பெத்த புள்ளையாட்டம் பாத்துக்கோணும், தெரியுதா?"

"சரிங்க சார்."

வடிதுணியைப் பிடித்தபடி, பல் தந்தியடிக்க நின்ற ஆண்டாயியைக் கடந்துதான் முதலாளி காருக்குப் போனார். நடுங்குகிறாளே என்று ஒரு பார்வைகூட இல்லை.

கார் வளைவில் திரும்பி மறைந்தது. ரவிச்சந்திரன் ஆட்களையெல்லாம் கூப்பிட்டார். டிரம்களிலிருந்து கம்பளிகளை உருவி ஆளுக்கொன்றாகக் கொடுக்க ஆரம்பித்தார். முதல் கம்பளி ஆண்டாயிக்கு.

"இதக் கொண்டுபோய் அவருக்குப் போத்துங்க. காலைல அப்படிப் பேசிப்போட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க."

ஆண்டாயி கம்பளியை மார்போடு அணைத்துக்கொண்டாள். காலையில் இந்த மனுஷனையா மனசுக்குள் அப்படி வைதோம் என்று வெட்கமாக இருந்தது. இரண்டடி நடந்தவள் சட்டென்று திரும்பி வந்து, அதைப் பழையபடி டிரம்முக்கே போர்த்தினாள்.

"வேணாம் சார். ராத்திரி பனி கொட்டும். பால் திரிஞ்சா உங்க வேலைக்கில்ல ஆபத்து? எங்களுக்குச் சோத்துக்கு வழி பண்ணின மகராசன் நீங்க, நல்லா இருக்கணும். எங்க வீட்டுக்காரருக்கு நான் அடுப்பு மூட்டி வச்சுக்கிறேன்."

ரவிச்சந்திரன் கம்பளியை எடுத்து அவள் தோளிலேயே போட்டார்.

"நம்ம ஊர்ப் பனிக்கெல்லாம் அது திரியாதுங்க. உறையாம இருக்கறதுக்குக் காய்ச்சும்போதே மருந்து சேத்தியாச்சு."

"அப்புறம் எதுக்கு சார் அதுக்குக் கம்பளி?"

"போன வருசம் ஆளுங்களுக்குன்னு கேட்டேன், முதலாளி காதுலயே வாங்கலீங்க. இந்த வருசம் டிரம்முக்குன்னு கேட்டேன்."