சக்கரம் வழுக்காத கார்

ஐப்பசி மழை விட்ட மத்தியானம். மடவார் வளாகத்துக்கு அப்பால், கண்மாய்க்கரைச் சேற்றில் வெள்ளை அம்பாசடர் மூன்றாவது முறையாக மேலேற முக்குகிறது. பின்சீட்டில் ஜரீனாவின் மடியில் ஒரு பிஸ்கட் டின் சுடுகிறது. ராஜபாளையம் நூல் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் அவள் புருஷன் ஹமீது ஆறு மாதமாகச் செய்த கருவி அது. பின்சக்கரம் வழுக்கிச் சுற்றினால், சக்கரங்களில் மாட்டிய சைக்கிள் டைனமோக்கள் டின்னுக்குச் சொல்லிவிடும். நூல் அறுந்தால் மெஷினை நிறுத்தியே பழகியவன், இங்கே டின் இஞ்சினை நிறுத்தும்படி வைத்திருக்கிறான். சிவப்பு பல்பு எரிகிறது, இஞ்சின் அணைகிறது, கார் பின்னால் உருள்கிறது. கரையில் நிற்கும் அவள் அண்ணன் கபீர், காருக்குச் சொந்தக்காரர், வெற்றிலைச் சாற்றைத் துப்புகிறார். "ஏன் மாப்ள, சக்கரம் சுத்தக் கூடாதுன்னா சாவிய எடுத்தாப் போதாதா? அதுக்கா இம்புட்டு வயரு?" ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் ஹமீதுக்கு முகமெல்லாம் பல். "பாத்தியளா மச்சான், கரெக்டா கட் ஆவுது!" தண்ணீரில் கிடக்கும் எருமைகளைப் பார்ப்பதுபோலவே ஜரீனா இருவரையும் பார்க்கிறாள். ஹமீது இதையே தொழிலாக்கப் போகிறானாம். நாளை மில்லில் கொடுக்க வேண்டிய ராஜினாமாக் கடிதம், சீட்டில் கழற்றிப் போட்ட அவன் சட்டைப் பையில் இருக்கிறது. "இன்னொரு தடவ" என்று அவன் சாவியைத் திருகுகிறான். அவள் கடிதத்தை உருவி ஜன்னல் வழியே நழுவ விடுகிறாள். பல்பு எரிகிறது. பின்னால் உருளும் காரின் முன்சக்கரம் கடிதத்தின் மேல் ஏறி, சேற்றில் அழுத்தி, சற்றும் வழுக்காமல் நிற்கிறது.